புரோலியோவும் பூசலாரும்

கப்பல் வேலையிலிருந்து லீவில் வந்த மைத்துனர் மகன் ஒரு சிவப்பு ஒயின் பாட்டிலை நீட்டினான். நான் குடிப்பதில்லை, டாக்டர் என்னைக் காபியிலிருந்தே விலக்கி வைத்திருக்கிறார். லேபிளைத்தான் விட முடியவில்லை. இத்தாலியில் தஸ்கனி, சியாந்தி மலைப்பக்கம், புரோலியோ கோட்டை. 1141 முதல் ரிக்காசோலி குடும்பத்தின் சொத்தாம்.

முத்தாபுதுப்பேட்டையில் இருப்பவனுக்கு இதைக் கேட்டு வயிறு எரியாதா? விமானப்படை வளாகத்தைச் சுற்றி மனை வாங்குகிறவர்கள், முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் இல்லை என்று தெரிந்தாலே தேங்காய் உடைக்கிறார்கள்.

அந்தக் குடும்பத்தில் பெத்தீனோ ரிக்காசோலி என்று ஒருவர். 'இரும்புப் பிரபு' என்பார்கள். 1861இல் கவூருக்குப் பின் இத்தாலியின் பிரதமரானார். அது கிடக்கட்டும். எந்தத் திராட்சையை எதோடு சேர்ப்பது என்று வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு, 1872இல் பீசா பேராசிரியர் ஒருவருக்கு முடிவை எழுதினார்: மணத்துக்குச் சாஞ்சோவேசே, அதன் கடுமையைத் தணிக்கக் கனையோலோ, உடனே குடித்துவிடுவதற்கு மட்டும் மல்வாசியா, நாள்பட வைப்பதில் அதைச் சேர்க்காதே. ஊறுகாய் போடும் பாட்டிகளின் கறார் அப்படியே இருக்கிறது. அப்பேர்ப்பட்ட வீட்டாரும் பின்னாளில் ஒயின் வியாபாரத்தைப் பேரோடு வெளிநாட்டுக் கம்பெனிகளிடம் விட்டுவிட்டு, 1993இல்தான் மீட்டார்கள். எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

1141இல் இங்கே இரண்டாம் குலோத்துங்கன் ஆட்சி. அவனுடைய அமைச்சர் என்று சொல்லப்படும் சேக்கிழார் நம் குன்றத்தூர்க்காரர். அவர் பெரியபுராணத்தில் பாடிய பூசலாரின் ஊர் திருநின்றவூர்; ரயிலில் பட்டாபிராமைத் தாண்டினால் வந்துவிடும். கோயில் கட்டக் காசு தேடி அலைந்து, எங்கும் பெயராமல், மனசுக்குள்ளேயே கட்டியவர். காஞ்சியில் பல்லவன் கட்டிய கற்கோயிலுக்கும் இதற்கும் ஒரே நாளில் குடமுழுக்கு என்றாக, சிவன் அரசன் கனவில் வந்து, உன் நாளைத் தள்ளிப்போடு, நான் நின்றவூருக்குப் போகிறேன் என்றாராம். எல்லோரும் சொல்லிச் சிலிர்ப்பது இந்தக் கனவைத்தான்.

எனக்கு அதற்கு முந்தைய பகுதிதான் பிடிக்கும். மனசில் கட்டுகிறவருக்கு ஒரு நொடி போதாதா? பூசலார் நல்ல நாள் பார்த்து அஸ்திவாரம் போடுகிறார். தச்சர்களைச் சேர்க்கிறார். ராத்திரியும் கண்மூடாமல் வேலை நடக்கிறது. விமானம் எழுப்பி, கலசம் வைத்து, சுதை வேலையும் முடிக்கிறார். அப்புறம் கிணறு வெட்டுகிறார், மதில் எழுப்புகிறார், குளம் தோண்டுகிறார். யார் வந்து மேற்பார்க்கப் போகிறார்கள்? காண்ட்ராக்டர் இல்லை, பில் இல்லை, சுதைப்பூச்சை விட்டிருந்தாலும் கேட்பாரில்லை. விடவில்லை மனிதர். பிரபுவுக்கு மல்வாசியா எப்படியோ, இவருக்கு அந்தக் கிணறு அப்படி.

அரசன் வந்து விசாரித்தபோது ஊராருக்கே அப்படியொரு கோயில் தெரியாது. இப்போது அங்கே கல்லிலேயே ஒன்று இருக்கிறது, இருதயாலீஸ்வரர் கோயில். கருவறையில் பூசலாருக்கும் இடம் உண்டு. போகும்போதெல்லாம் எல்லோரும் சந்நிதியைப் பார்த்து நிற்க, நான் கிணறு எந்தப் பக்கம் வெட்டியிருப்பார் என்று அளந்துகொண்டிருப்பேன். வடகிழக்கு என்கிறாள் மனைவி.