வெண்ணெய் பட்ட லென்ஸ்

சித்தப்பாவின் பெட்டியைத் திறந்ததும் முதலில் எழுந்து வருவது கோடாலித் தைலத்தின் வாசனை. அதன் பின்னாலேயே சோப்பு, புதுப்புடவையின் கஞ்சி மடிப்பு, மிட்டாய்த் தாள், எல்லாவற்றுக்கும் அடியில் பேர் சொல்லத் தெரியாத ஒரு குளிர்ந்த வாசனை. அது விமானத்துக்குள் அடைத்து வைத்திருக்கும் குளிர் என்று நானாகவே முடிவு செய்து வைத்திருந்தேன். மன்னார்குடியில் எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரில் இருந்த காலம் அது. எந்த வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறது என்பதைக் கண் பார்ப்பதற்கு முன்னால் மூக்கு சொல்லிவிடும்.

அந்தத் தடவை பங்குனித் திருவிழாவுக்கென்றே லீவு கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். கூடத்தில் பாயை விரித்துப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அத்தைக்குத் தைலம், அப்பாவுக்கு டார்ச் லைட்டு, அம்மாவுக்கு வாயில் புடவை, அப்பாயிக்கு இளம்பச்சையில் ஒரு புடவை, எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெரிய மைலோ டின். எனக்கானது எப்போது வரும் என்று பெட்டியின் அடியையே நான் துழாவிக்கொண்டிருந்தேன். அது பெட்டியில் இல்லை. சித்தப்பாவின் இடுப்பு பெல்ட்டில், ஒரு கறுப்பு உறைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

எனக்கானது என்று சொல்வதும் தப்புதான். வீட்டுக்கு என்றுதான் வாங்கி வந்திருந்தார். ஆனால் அந்தக் கேமராவை முதன்முதலாகப் பார்த்த நிமிஷத்தில் அது என்னுடையதாகிவிட்டது. உள்ளங்கையில் அடங்கும் சோப்பு டப்பா அளவு. மேலே இருந்த பட்டனை அமுக்கினால் லென்ஸை மூடியிருந்த கறுப்பு இமை இரண்டாகப் பிரியும். உள்ளிருந்து ‘ஸ்ர்ர்’ என்று ஒரு மூக்கு மெதுவாக வெளியே வரும். கட்டைவிரல் படும் இடத்தில் டி, டபிள்யூ என்று இரண்டு எழுத்து. டி என்றால் டெலி, டபிள்யூ என்றால் வைடு என்று சித்தப்பா விளக்கினார். நான் என் வசதிக்கு ஒன்றைத் தூரம், இன்னொன்றை விரிவு என்று வைத்துக்கொண்டேன், இன்றைக்கும் எனக்கு அப்படித்தான் ஞாபகம் வருகிறது. லென்ஸைச் சுற்றி 38–70 மி.மீ. என்று வெள்ளை எழுத்தில் இருந்தது. எழுபது மடங்கு பக்கத்தில் காட்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டேன். நிலாவில் பாட்டி வடை சுடுவது தெரியுமா என்று ஒருவன் கேட்டான். ரோல் வீணாகும் என்று சொல்லிச் சமாளித்தேன். எழுபதை முப்பத்தெட்டால் வகுத்தால் இரண்டு மடங்குகூட வராது என்கிற கணக்கு, ஆறாம் வகுப்பில் வகுத்தல் நன்றாகத் தெரிந்த எனக்கு ஏனோ தோன்றவேயில்லை.

இப்படிக் கைக்கு அடக்கமாக, எல்லாம் தானாகவே நடக்கிற கேமராவில் நீளும் லென்ஸை முதலில் கொண்டுவந்தது பென்டாக்ஸ், எண்பதுகளின் பின்பாதியில் என்று பிற்பாடு எங்கோ படித்தேன். அதன் பெயரே ஸூம்-70. எங்களுடையது அதற்குச் சில வருஷம் பிந்திய, வேறொரு கம்பெனியின் தம்பி. ரோலின் நாக்கை ஆரஞ்சுக் கோடு வரைக்கும் இழுத்து வைத்து மூடியைச் சாத்தினால் போதும், அதுவே சர்ரென்று இழுத்துச் சுற்றிக்கொண்டு 1 என்று காட்டும். ரோல் டப்பாவின் பக்கவாட்டில் இருக்கும் கறுப்பும் வெள்ளியுமான கட்டங்களைத் தடவிப் பார்த்து, இது நூறு ரோலா இருநூறு ரோலா என்று அதுவே தெரிந்துகொள்ளும். முப்பத்தாறும் முடிந்தால் அதுவே திருப்பிச் சுற்றும். அந்தச் சத்தம் வந்தால் வீட்டில் யாரும் பேச மாட்டோம். பேசினால் ரோல் கெட்டுப்போகும் என்று யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

கடைத்தெரு ஸ்டூடியோ மாமாவிடம் ரோல் வாங்கப் போனபோது சித்தப்பா பெருமையோடு அதை மேஜைமேல் வைத்தார். ஹைப்போ வாசனையும் ஊதுவத்தி வாசனையும் கலந்த அந்த அறையில், வரைந்த மாடிப்படிக்கும் வரைந்த பூந்தொட்டிக்கும் நடுவே உட்கார்ந்திருந்த மாமா, அதைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல் ஆட்டினார். “வெளிச்சமும் அதுவே பாத்துக்கும், தூரமும் அதுவே பாத்துக்கும்னா, நீ என்னாடா பண்ணுவே?” என்று என்னைத்தான் கேட்டார். பதில் தெரியாமல் நான் டி-யை அமுக்கி அவர் மூக்கைப் பக்கத்தில் பார்த்தேன்.

“சும்மா சும்மா இழுக்காத, பேட்டரி தீந்துரும்” என்பதுதான் அந்த நாட்களில் வீட்டில் அதிகம் கேட்ட வாக்கியம். கட்டைவிரலைவிடக் குட்டையான 3 வோல்ட் லித்தியம் பேட்டரி. சுவர்க் கடிகாரத்துக்கும் டார்ச்சுக்கும் விற்கிற கடைகளில் அதைக் காட்டினால் இது என்னா மருந்து மாத்திரையா என்பார்கள்.

முதல் படம் கூடத்தில் எல்லோரும் நிற்க சித்தப்பா எடுத்தது. கண் சிவப்பாக விழாமல் இருக்க ஃப்ளாஷ் முதலில் பொடிப்பொடியாக மின்னிவிட்டு, ஒரு நொடி கழித்துத்தான் நிஜமாக அடிக்கும். பொடி மின்னலைப் பார்த்ததும் படம் ஆகிவிட்டது என்று எல்லோரும் கலைந்தார்கள். அடுப்பில் பால் இருந்த அம்மா பாதி உடம்போடு சமையல்கட்டுக்குள் போய்க்கொண்டிருக்கிறாள், அப்பா துண்டை உதறுகிறார், அத்தை மகள் என்னைக் கிள்ளுகிறாள். அப்பாயி மட்டும் அசையவில்லை. கேமரா என்றாலே அவளுக்கு உடம்பு விறைத்துவிடும். இரண்டு கையும் தொடையோடு ஒட்டி, மோவாய் தூக்கி, ஸ்டேஷனில் நிறுத்தி வைத்த ஆள் மாதிரி முறைப்பாள். எத்தனை தடவை எடுத்தாலும் அதே முகம்.

இப்போது வெண்ணெய்க்கு வருகிறேன்.

ராஜகோபாலசாமி கோயிலில் பங்குனி பிரம்மோற்சவம் பதினெட்டு நாள். பதினாறாம் நாள் வெண்ணெய்த்தாழி. தவழ்கிற கண்ணனாக, வெண்ணெய்க் குடத்தோடு பெருமாள் பல்லக்கில் வருவார். வீதியெல்லாம் ஜனம் நின்று அவர்மேல் வெண்ணெய் எறியும். வேண்டிக்கொண்டு எறிகிறவர்களும் உண்டு, குறி பார்க்கும் ஆசைக்கு எறிகிறவர்களும் உண்டு. காலையிலிருந்தே தெருவோரம் பொட்டலம் பொட்டலமாக வெண்ணெய் விற்கும். வெயில் ஏற ஏற அது இளகி, வாழையிலையும் மோரும் மல்லிகையும் மனிதர்களின் வேர்வையும் சேர்ந்து ஒரு புளித்த இனிப்பு வாசனை வீதி முழுக்க நிற்கும். தார் ரோடு வழுக்கும். பல்லக்குத் தூக்குகிறவர்களின் தோளும் பட்டாச்சாரியாரின் முடியும் வெள்ளையாக இருக்கும்.

அன்றைக்குக் கேமராவை என் கையில் கொடுத்தார் சித்தப்பா. வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, “கிட்டப் போவாத, இங்கேருந்தே இழுத்து எடு, அதுக்குத்தான் அது” என்றார். ஒரு வீட்டுத் திண்ணையில் ஏறி நின்றேன். நாதஸ்வரம் திருப்பத்தில் கேட்டதுமே டி-யை அமுக்கி மூக்கை முழுக்க நீட்டிவிட்டேன். கண்ணாடி வழியே பார்த்தால் உலகம் ஒரு சின்னச் செவ்வகம், அதற்குள் பெருமாள் மட்டும். பக்கத்திலிருந்து பறந்து வருவது எதுவும் அதில் தெரியாது. யாரோ எறிந்த உருண்டை ஒன்று என் நெற்றியில் பட்டுச் சிதறியது. வெண்ணெய்த்தாழியில் நெற்றியில் வெண்ணெய் விழுவது பெரிய பாக்கியம் என்று பக்கத்தில் நின்ற அம்மா ஒருத்தி சொல்லவே, துடைக்காமல் வரிசையாக அமுக்கிக்கொண்டிருந்தேன். பாக்கியத்தில் ஒரு பங்கு லென்ஸுக்கும் போயிருந்தது எனக்குத் தெரியாது. இந்த மாதிரிக் கேமராவில் நாம் பார்க்கிற ஜன்னல் வேறு, படம் பிடிக்கிற கண்ணாடி வேறு. ஜன்னல் பளிச்சென்று இருந்தது. பதினோரு படம் எடுத்தேன். எடுத்துவிட்டுப் பட்டனை அமுக்க, மூக்கு வெண்ணெயோடு உள்ளே போயிற்று.

வீட்டுக்கு வந்து மறுபடி நீட்டியபோது ஒரு முனகலோடு வந்தது. சித்தப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. வேட்டி முனையை விரலில் சுற்றிக் குழந்தைக்குக் காது துடைப்பதுபோல் துடைத்தார். அன்றைக்கு ராத்திரி கேமரா வைத்திருந்த பீரோவுக்கு ஒரு எறும்புச் சாரை போயிற்று.

ரோல் பஸ் ஏறித் தஞ்சாவூர் லேபுக்குப் போய்ப் பிரிண்டாக வர நாலு நாள். பதினோரு படத்திலும் பெருமாளைச் சுற்றிப் பனி. தீவட்டி வைத்ததுபோல் ஓர் ஒளி, அதற்குள் முகமும் குடமும் மங்கலாக மிதந்தன. நான் அழுகைக்குத் தயாராக நின்றேன். ஸ்டூடியோ மாமா ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, “இதுக்குன்னு காசு குடுத்து ஃபில்டர் வாங்கி மாட்டறவன்லாம் இருக்கான், நீ வெண்ணெயில முடிச்சிட்ட” என்றார். அப்பாயி அதில் ஒன்றை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “என்னமா தகதகன்னு நிக்கறாரு பாரு, நேருல பாத்தாக்கூட இப்படித் தெரியல” என்று சாமி படங்களோடு மாட்டச் சொன்னாள். ராத்திரி கோயிலுக்குள் நன்றாகத் துடைத்த லென்ஸால் தூரத்திலிருந்து இழுத்து எடுத்தவை எல்லாம் இருட்டு. மூக்கு நீள நீள லென்ஸுக்குள் வருகிற வெளிச்சம் பாதிக்கும் கீழே குறைந்துவிடும், ஃப்ளாஷோ பத்துப் பன்னிரண்டு அடியில் களைத்துவிடும். தூரத்தைக் கிட்டே கொண்டுவந்தால் வெளிச்சத்தைக் கொடுத்தாக வேண்டும் என்பதை எந்தப் பையனும் நம்பமாட்டான், நானும் நம்பவில்லை. நூறு ரோலைக் குறை சொன்னேன்.

சித்தப்பா கேமராவை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினார். போன கொஞ்ச நாளில் பேட்டரி தீர்ந்தது. மெட்ராஸ் போன பக்கத்து வீட்டுக்காரர் பர்மா பஜாரில் தேடி வாங்கி வரும் வரைக்கும் அது செத்த பொருளாகக் கிடந்தது. புதுப் பேட்டரியைப் போட்டதும் மூக்கு முனகிக்கொண்டு வந்துவிட்டது, ஆனால் தேதியை மறந்துவிட்டது. படத்தின் வலது மூலையில் ஆரஞ்சு நிறத்தில் வருஷம் மாசம் தேதி விழும். அது இப்போது ’90 1 1 என்று நின்றது. எந்தப் பட்டனை எவ்வளவு நேரம் அமுக்கினால் மாறும் என்பது சிங்கப்பூர் போய்விட்ட சித்தப்பாவுக்குத்தான் தெரியும். ஐந்து வருஷம் பின்னால் இருக்கிற ஒரு நாளிலேயே நாங்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தோம்.

அவர் கடிதத்தில் கேட்டது ஒன்றே ஒன்று. அம்மாவை அவள் அறியாமல் தூரத்தில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு, விறைப்பா இல்லாம.

எங்கள் வீடு அந்தப் பக்கத்து வீடுகள் எல்லாவற்றையும்போல வாசலில் நின்றால் திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கொல்லை என்று ஒரே கோட்டில் கிணற்றடி வரைக்கும் தெரிகிற வீடு. ஒரு மத்தியானம், எல்லோரும் தூங்குகிற நேரம், முற்றத்தின் இந்தப் பக்கத் தூணோடு ஒட்டி நின்றேன். இருபதடிக்கு அப்பால் கொல்லை வாசற்படியில் அப்பாயி இளம்பச்சைப் புடவையில் உட்கார்ந்திருந்தாள். பக்கவாட்டில் நல்ல வெயில். ஃப்ளாஷை அணைத்தேன், மூக்கை நீட்டினேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினேன். மோட்டார் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது, அப்பாயிக்குக் காது கொஞ்சம் மந்தம்.

படம் வந்தபோது அம்மாதான் முதலில் பார்த்தாள். அப்பாயியின் மடியில் பச்சை டின். ஸ்பூன் வாய்க்குள். ஒரு கன்னம் உப்பி, கண் பாதி மூடி, உதட்டோரம் மைலோ பொடி. சர்க்கரை வியாதிக்காரி என்று மூன்று வருஷமாகக் காப்பிக்குக்கூட இனிப்புப் போடாமல் கொடுத்துக்கொண்டிருந்த அம்மா, படத்தை அவள் முன்னால் நீட்டினாள். டின் எப்படித் தானாகக் குறைகிறது என்று என்மேல்தான் அதுவரைக்கும் சந்தேகம்.

அப்பாயி படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். பதறவில்லை. மூலையில் விரல் வைத்து, “தம்பி, இங்க என்னாமோ நம்பரு போட்டுருக்கே, படி” என்றாள்.

“தொண்ணூறு, ஒண்ணு, ஒண்ணு.”

“என்னா அர்த்தம்?”

“தொண்ணூறாம் வருசம் ஜனவரி ஒண்ணாந்தேதி.”

“அப்பறம் என்னா? எனக்குச் சக்கர வந்து மூணு வருசந்தானே ஆவுது. இது அதுக்கு முந்தி தின்னது.”

“தொண்ணூறுல ஏது இந்தப் பொடவ?” என்றாள் அம்மா.

“கேமராவே சொல்லுது, அதுக்கு மேல நீ சொல்றியா?” என்று அப்பாயி எழுந்து கொல்லைக்குப் போய்விட்டாள். அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டார். பேப்பர் குலுங்கியது.

ஒரு பிரதி சிங்கப்பூர் போயிற்று. அடுத்து அங்கிருந்து வந்தவரிடம் சித்தப்பா கொடுத்தனுப்பியதில் இரண்டு மைலோ டின் இருந்தது. அம்மா இரண்டையும் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். அந்தப் பீரோவில்தான் கேமராவும் இருந்தது, அதனால் கொஞ்ச நாளைக்குப் படம் எடுப்பதும் நின்றுபோயிற்று.

கேமரா இப்போது என்னிடம் இருக்கிறது. புதுப் பேட்டரி போட்டால் இமை பிரிகிறது, மூக்கு பாதி வரைக்கும் வந்து நின்றுவிடுகிறது. பழைய ஆல்பத்தைப் போன மாதம் பிரித்து ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பேரும் வருஷமும் எழுதி வைத்தேன். அந்தப் படத்தின் பின்னால் 1.1.1990 என்றுதான் எழுதியிருக்கிறேன்.