சுவற்றிலா, சுவரிலா?

"சுவற்றில் நோட்டீஸ் ஒட்டாதீர்" என்று தெருவுக்கு ஒரு சுவரிலாவது எழுதியிருக்கும். பெயின்ட் அடித்தவர், அடிக்கச் சொன்ன வீட்டுக்காரர், அதைப் படித்துவிட்டும் அதன் மேலேயே நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போகிறவர்... மூன்று பேருக்கும் அதில் தப்பு எதுவும் தெரியாது. டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிப்பவருக்கு மட்டும் தெரியும். தெருவில் போகும்போதே மனசுக்குள் 'சுவரில்' என்று திருத்திக்கொண்டே போவார். பாவம், அது ஒரு வியாதி மாதிரி.

'பிழையற்ற வாக்கியத்தைத் தேர்ந்தெடு' என்ற கேள்வி செய்கிற வேலை இது. நான்கு வாக்கியம். மூன்று தப்பு, ஒன்று சரி. சரியாகச் சொன்னால் ஒன்றரை மதிப்பெண். பார்க்கச் சின்ன விஷயம்தான். ஆனால் குரூப் 4 தேர்வில் மூன்று மணி நேரம், 200 கேள்வி, 300 மதிப்பெண்; அதில் பாதி, அதாவது 100 கேள்வி, தமிழ். முன்பெல்லாம் தமிழ் வேண்டாம் என்பவர்கள் பொது ஆங்கிலம் எடுத்துத் தப்பித்துக்கொள்ளலாம். 2021 டிசம்பரில் வந்த அரசாணை அந்த வழியை அடைத்துவிட்டது. தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் வராவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். 2022 ஜூலையில் நடந்த தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர். முதலில் அறிவித்த இடங்கள் 7,301. பிறகு கூட்டினார்கள் என்றாலும், ஒரே ஒன்றரை மதிப்பெண்ணில் எத்தனை பேர் நெருக்கியடித்து நிற்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சுவருக்குத் திரும்பலாம். கிணறு, கிணற்றில். வயிறு, வயிற்றில். ஆறு, ஆற்றில். இவையெல்லாம் 'று'வில் முடிகிற சொற்கள், அதனால் 'ற்று' வருகிறது. சுவர் 'ர்' என்ற மெய்யில் முடிகிறது. வேர், தேர், ஏர் எல்லாம் அதே ஜாதி. யாராவது வேற்றில் தண்ணீர் ஊற்றுவார்களா, தேற்றில் சாமி வருமா? வேரில், தேரில், ஆகவே சுவரில். விளக்கம் முடிந்தது.

ஆனால் இத்தனை பேர் ஏன் ஒரே மாதிரி தப்பாக எழுதுகிறார்கள் என்பதுதான் சுவாரசியம். பேச்சில் கிணற்றில் என்பது 'கெணத்துல', வயிற்றில் என்பது 'வயித்துல'. சுவரில் என்பதும் பேச்சில் 'செவுத்துல' ஆகிவிடுகிறது. எழுத உட்காருகிறவர் 'த்து' வந்தால் 'ற்று' போட வேண்டும் என்று பொறுப்பாக மாற்றுகிறார். சுவற்றில் பிறக்கிறது! அதாவது இது சோம்பேறியின் தப்பு இல்லை. தமிழை நன்றாக எழுத வேண்டும் என்று முனைந்தவரின் தப்பு.

இந்த இடத்தில்தான் தமிழ்க் கேள்வி ஆங்கிலக் கேள்வியிலிருந்து விலகிப் போகிறது. ஆங்கிலம் பேசி வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற முதல் உபாயம், வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார், காதுக்கு உறுத்துகிறதா என்று கேள் என்பது. பெரும்பாலும் அது பலிக்கும். நம் ஊரில் அந்த உபாயத்தை நம்பினால் கதை கந்தல். வீட்டில் பேசுகிற தமிழ் ஒன்று, தாளில் கேட்கிற தமிழ் வேறு. 'மாடுங்க மேஞ்சுது', 'பழமெல்லாம் அழுகிப்போச்சு' என்று கேட்டு வளர்ந்த காதுக்கு 'பழங்கள் அழுகியது' என்பதில் என்ன உறுத்தப் போகிறது? அஃறிணைப் பன்மைக்கு 'அழுகின', 'மேய்ந்தன' என்ற வினைமுற்று பேச்சிலிருந்து காணாமல் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. மேடைப் பேச்சிலும் செய்தி வாசிப்பிலும் மட்டும் அது உயிரோடு இருக்கிறது. ஆக, இந்தக் கேள்விக்குக் காது உதவாது. கண்ணும் விதியும்தான்.

'இல்லை' விவகாரம் இன்னும் மோசம். பேச்சில் எல்லாவற்றுக்கும் ஒரே 'இல்ல'. அவன் திருடன் இல்ல, அவ டாக்டர் இல்ல, இது பழம் இல்ல, இதெல்லாம் பழம் இல்ல. கொஞ்சம் சுத்தமாக எழுதுகிறவர்கள் எல்லா இடத்திலும் 'அல்ல' போடுவார்கள். தேர்வுத் தாளில் அதற்கும் அடி விழும். அவன் திருடன் அல்லன், அவள் மருத்துவர் அல்லள், அவர்கள் அல்லர், நான் அல்லேன், நாம் அல்லோம். இது பழம் அன்று, இவை பழங்கள் அல்ல. 'அல்ல' என்பது அஃறிணைப் பன்மைக்கு மட்டும் உரியது. 'இது பழம் அன்று' என்று முதன்முறை படிப்பவருக்கு, அப்படியானால் இன்றைக்கு அது என்ன என்று கேட்கத் தோன்றும் :) ஆனாலும் பிரச்சினை அதுவல்ல... மன்னிக்கவும், அதுவன்று.

ஒரு, ஓர் மட்டும் கொஞ்சம் கருணை உள்ளது. அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் ஓர், இல்லையென்றால் ஒரு. ஓர் அணில், ஒரு மரம். கண்ணால் பார்த்தே போட்டுவிடலாம். அது, அஃது கணக்கும் இதேதான்.

விதிகளை மனப்பாடம் செய்துவிட்டால் தப்பித்துவிடலாமா என்றால், கேள்வி தயாரிப்பவர்கள் அதற்கும் ஒரு குழி வெட்டி வைப்பார்கள். 'கூடையில் இருந்த பழங்களின் விலை ஏறின.' பன்மைக்குப் பன்மை என்று ஓடி வருகிறவர் இதில் நேராகப் போய் விழுவார். ஏறியது பழமா, விலையா? விலை. அது ஒருமை. 'விலை ஏறியது' என்பதுதான் சரி. நன்றாகப் படித்தவரைப் பிடிக்கவே செய்த பொறி இது. 'ஒவ்வொரு மாணவர்களும் வந்தனர்' என்பதும் அந்த ரகம். ஒவ்வொரு என்று சொல்லிவிட்டாலே ஒருமைதான்: ஒவ்வொரு மாணவரும் வந்தார்.

இதில் தேறியவர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். அவர்கள் நான்கு வாக்கியத்தையும் ஆற அமரப் படிப்பதே இல்லை. நான்கும் எந்த இடத்தில் மாறுகின்றன என்று மட்டும் பார்ப்பார்கள். மாறுவது வினைமுற்று என்றால் எழுவாயைத் தேடுவார்கள், நடுவில் இருக்கிற 'கூடையில் இருந்த' வகையறாவைப் பென்சிலால் மூடிவிடுவார்கள். மாறுவது ஒரு சொல்லுக்குள் என்றால் அந்தச் சொல்லின் வேரைத் தேடுவார்கள். கோர்த்தானா, கோத்தானா? வேர் 'கோ', ஆகவே கோத்தான். முயற்சிக்கிறானா, முயல்கிறானா? முயற்சி பெயர்ச்சொல், முயல் வினை. அருகாமையா, அருகிலா? கல்லாமை என்றால் கற்காதிருப்பது. அப்படிப் பார்த்தால் அருகாமை என்பது கிட்டே வராதிருப்பது! 'வீட்டின் அருகாமையில் பேருந்து நிலையம்' என்ற ரியல் எஸ்டேட் விளம்பரங்கள் ஒருவேளை உண்மையைத்தான் சொல்கின்றனவோ என்னவோ.

விதியே சண்டையில் இருக்கிற இடங்களில்தான் வயிற்றைக் கலக்கும். நாட்களா, நாள்களா? வாழ்த்துக்களா, வாழ்த்துகளா? பத்திரிகைகளில் நாட்கள் என்று பல காலம் வந்திருக்கிறது. நாட்குறிப்பு சரி என்றால் நாட்கள் மட்டும் ஏன் தப்பு என்று ஒரு கட்சி. 'கள்' தனிச்சொல் இல்லை, வெறும் விகுதி, அதற்கெல்லாம் புணர்ச்சி விதி பாயாது, வாழ்த்துக்கு 'க்' போட்டால் குடிக்கிற கள்ளாகிவிடும் என்று இன்னொரு கட்சி. 'எனது தம்பி' என்பதையும் கறாரானவர்கள் விடமாட்டார்கள். 'அது' என்ற ஆறாம் வேற்றுமை உருபு அஃறிணை ஒருமைக்கு உரியது, தம்பி என்ன அஃறிணையா, 'என் தம்பி' என்று எழுது என்பார்கள். 13ஆம் நூற்றாண்டு நன்னூல் அவர்கள் பக்கம். அதே நன்னூல்தான் காலத்துக்கேற்ப பழைய வழக்கு விழுவதும் புதிய வழக்கு வந்து சேர்வதும் குற்றமில்லை என்றும் இடம் விட்டிருக்கிறது. தேர்வுக்கூடத்தில் அந்த இரண்டாவது விஷயத்தைச் சொல்லிப் பயனில்லை. ஒரே ஒரு வட்டத்தைத்தான் கருப்பாக்க முடியும்.

கேள்வி தயாரிப்பவரே மாட்டிக்கொள்வதும் உண்டு. 2002 அக்டோபரில் அமெரிக்காவில் நடந்த பிஎஸ்ஏடி தேர்வில், நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் டோனி மாரிசனைப் பற்றி ஒரு வாக்கியம். 'டோனி மாரிசனின் மேதைமை அவரை இப்படிப்பட்ட நாவல்கள் படைக்கவைக்கிறது' என்கிற மாதிரி வரும். பிழை எங்கே என்று கேள்வி. பிழையே இல்லை என்பது அதிகாரபூர்வ விடை. மேரிலாந்தில் ஒரு பள்ளி ஆசிரியர் விடவில்லை. வாக்கியத்தில் 'மாரிசனின்' என்ற உடைமை வடிவம்தான் இருக்கிறது, 'மாரிசன்' என்ற பெயர் தனியாக இல்லை, அப்புறம் 'அவரை' என்பது யாரைச் சுட்டுகிறது, சில இலக்கணக் கையேடுகள் இதைத் தடுக்கின்றனவே என்று கடிதம் மேல் கடிதம் போட்டார். முதலில் மறுத்தவர்கள் 2003இல் இறங்கி வந்து அந்தக் கேள்வியையே நீக்கி மதிப்பெண்களைத் திருத்தினார்கள். வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பிறகு மொழியியலாளர்கள் கிளம்பி, அப்படி ஒரு விதியே ஆங்கிலத்தில் கிடையாது, நல்ல எழுத்தாளர்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், வாக்கியம் சரிதான் என்றார்கள். தமிழில் அந்த வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள், எந்த விதிக்காரருக்கும் அதில் வேலையே இல்லை.

இங்கேயும் முறையிட வழி இருக்கிறது. தேர்வு முடிந்ததும் உத்தேச விடைகளை வெளியிடுவார்கள், ஆட்சேபம் இருந்தால் ஒரு வாரத்துக்குள் ஆதாரத்தோடு அனுப்ப வேண்டும். அந்த ஒரு வாரம் நூலகங்களில் பழைய பள்ளிப் பாடநூல்களுக்கு வரும் மரியாதையைப் பார்க்க வேண்டுமே! நாட்கள் என்று அச்சான பக்கத்தை ஒருவர் தேடுவார், நாள்கள் என்று அச்சான பக்கத்தை அவருக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர் தேடுவார். இருவருக்கும் ஒரே இளநிலை உதவியாளர் வேலைதான் குறி. பக்கம் கிடைத்தவர் அதைப் படமெடுத்துக்கொண்டு முறையீடு எழுத உட்காருவார். அதில் 'எனது' என்று தொடங்கலாமா, 'என்' என்று தொடங்கலாமா என்று யோசிப்பதிலேயே அரை மணி நேரம் போய்விடும்.