ரஷ்யாவுக்கு டாக்டருக்குப் படிக்கப் போற தம்பிக்கு

போன வாரம் காலடிப்பேட்டை கிளினிக்குக்கு ஒரு அக்கா மகனைக் கூட்டிட்டு வந்தாங்க. பையனுக்கு ரஷ்யாவுல எம்.பி.பி.எஸ். சீட் கிடைச்சிருக்கு. தடுப்பூசி பத்தியெல்லாம் பேசி முடிச்சதும் கேட்டாங்க: "இங்கிலீஷ் மீடியம்தான்னு சொல்றாங்க டாக்டர். அப்புறம் எதுக்கு ரஷ்ய மொழி?"

வெளிய கூட்டம். நிதானமா பதில் சொல்ல முடியல. அதான் இங்க எழுதறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

இங்கிலீஷ் மீடியம்னு சொன்னது பொய் இல்ல. 2021ல வந்த தேசிய மருத்துவ ஆணைய விதிப்படி, வெளிநாட்டுல படிச்சாலும் பாடம் இங்கிலீஷ்லதான் இருக்கணும். அதே விதிதான் 12 மாச இன்டர்ன்ஷிப்பையும் படிச்ச இடத்துலயே முடிக்கணும்னு சொல்லுது. அந்த ஊர் நோயாளிக்கு இங்கிலீஷ் தெரியுமா?

நான் போனப்போ வயசு 18. தமிழ் மீடியம். எண்ணூர் ரோட்டு லாரிப் புழுதியில வளர்ந்தவன். என் காலத்துல முதல் வருஷம் ஆயத்த வகுப்பு, பெரும்பாலும் மொழிதான்.

இறங்கின அன்னிக்கே எழுத்து ஏமாத்திடுச்சு. ஒரு போர்டை இங்கிலீஷ்னு நெனச்சு "பெக்டோபா"ன்னு படிச்சேன். உள்ளேருந்து சாப்பாட்டு வாசனை. நமக்கு 'பி'யா தெரியிறது அங்க 'ர', 'சி' வந்து 'ஸ', 'ஹெச்' வந்து 'ன'. சேர்த்துப் படிச்சா ரெஸ்டாரன்ட்!

பால்னு வாங்கினது கேஃபிர். புளிச்சிருந்துச்சு, கெட்டுப்போச்சுன்னு சிங்க்ல கொட்டினேன். அடுத்த மாசம் அதுலயே தயிர்சாதம் பிசைஞ்சேன். ரூம்ல ஃப்ரிட்ஜ் கிடையாது. குளிர்காலத்துல கோழியைப் பையில கட்டி ஜன்னலுக்கு வெளிய தொங்க விடுவோம். இதெல்லாம் ரெண்டு மூணு மாசத்துல பழகிடும்.

மொழி அப்படிப் பழகல. ஆறு வேற்றுமை, ஒவ்வொண்ணுக்கும் சொல்லோட வால் மாறும். இங்கிலீஷ் வழியா யோசிச்சு யோசிச்சு மண்டை காய்ஞ்சுது. ஒரு நாள் டீச்சர் போர்டுல "ம்னியே ஹோலத்னா"ன்னு எழுதினாங்க. வார்த்தைக்கு வார்த்தை "எனக்குக் குளிரா இருக்கு". இங்கிலீஷ்காரன் "நான்"னு ஆரம்பிப்பான். இவங்க நம்மள மாதிரி "எனக்கு"ன்றாங்க! வயசும் "எனக்கு 18"தான். "நான் மாணவன்"னா ரெண்டே வார்த்தை, நடுவுல 'ஆம்' கிடையாது. அன்னிக்கு ராத்திரி நோட்டுல ஐ, ஆல், கு எழுதி எதிர்ல ரஷ்ய வால்களை எழுத ஆரம்பிச்சேன். அச்சுக்கு அச்சா பொருந்தாது. ஆனா பயம் போயிடுச்சு. ஸ்கூல்ல வேற்றுமை உருபு நடத்தும்போது தூங்கினதுக்குத் தமிழ் ஐயாகிட்ட மனசுக்குள்ள மன்னிப்புக் கேட்டேன்.

அடுத்து சொல்லப் போறதை ரொம்பப் பேர்கிட்ட சொன்னதில்ல.

மூணாவது வருஷம் வார்டு. எழுபது வயசு பாட்டி ஒருத்தங்க. போய் விவரம் கேட்டு எழுதுன்னு டீச்சர் அனுப்பினாங்க. பாட்டி உள்ளங்கையை மார்புல வெச்சு "பிச்சோத்"ன்னாங்க. ரொட்டி சுடறதுக்குச் சொல்ற வினையாத்தான் அது எனக்குத் தெரியும். ஏதோ பலகாரம் சுட்ட கதை போலன்னு சிரிச்சுத் தலையாட்டினேன். "நெஞ்சு வலி இல்லை"ன்னு எழுதிட்டேன்.

டீச்சர் வந்து அதே கேள்வியைக் கேட்டாங்க. அதே பதில். அவங்க முகம் மாறிடுச்சு. நெஞ்சு எரியுதுன்னு சொல்றதுக்கும் அதே வார்த்தைதான். உடனே ஈசிஜி. மாரடைப்பு.

பாட்டி பிழைச்சுட்டாங்க. மூணு நாள் கழிச்சு அவங்க கட்டில்கிட்ட போய் நின்னேன். நான் என்ன எழுதினேன்னு அவங்களுக்குத் தெரியாது. "சினோக்", அதாவது மகனேன்னு கூப்பிட்டு உக்கார வெச்சாங்க. குத்தற வலிக்கு "கோலித்", அழுத்தற வலிக்கு "தாவித்", விடாம முனகற வலிக்கு "நோயித்"னு சொல்லிக் குடுத்தாங்க. கடைசிச் சொல்லுக்கும் நம்ம 'நோய்'க்கும் சம்பந்தம் இல்ல. ஆனா மறக்கவே இல்ல.

இப்போ ஹார்பர்ல லோடு தூக்கற அண்ணன் ஒருத்தர் வந்து, "நெஞ்சு கரிக்குது டாக்டர், கேஸ்தான், ஒரு மாத்திரை குடுங்க"ன்னா, முதல்ல ஈசிஜி எடுத்துடுவேன். நிறைய பேருக்கு நார்மலா வரும். சிலருக்கு வராது. நீங்களும் வியர்வையோட நெஞ்சு எரிஞ்சா ஓமத்தண்ணி குடிச்சிட்டுப் படுக்காதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க.

அந்தத் தம்பிகிட்ட தமிழ் இலக்கணப் புத்தகம் ஒண்ணைப் பெட்டியில வெச்சுக்கோன்னு மட்டும் அன்னிக்குச் சொன்னேன். அவங்க அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. "ஊறுகா எத்தனை கிலோ விடுவாங்க டாக்டர்?"