"ஏல... இருக்கியா?"

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் தூங்க முடியாது. தாத்தா போன் பேச ஆரம்பித்துவிடுவார்.

"ஏல... இருக்கியா?"

"இருக்கேம்லே. நீ?"

ஹலோ, குட்மார்னிங் எல்லாம் இவ்வளவுதான். அப்புறம் சுகர், பிரஷர், பேரனுக்கு வேலை, ஊரில் மழை. சங்கரன்கோவிலில் தறி ஓடுகிற தெருவிலேயே வாழ்ந்தவர். மெதுவாகப் பேச வராது. நாலு வீடு தள்ளியும் கேட்கும்.

எதிர்முனையில் இருப்பவருக்கும் எழுபத்தைந்து தாண்டிவிட்டது. 1968 முதல் 1971 வரை பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் தாத்தாவோடு பி.ஏ. படித்தவர். ஹாஸ்டலில் ஒரே வராந்தாவில் இருந்த ஒன்பது பேர் கூட்டணி அது. "எங்க சர்டிபிகேட்ல மதுரைப் பல்கலைக்கழகம்னு இருக்கும்ட்டி. உங்க மனோன்மணியம் சுந்தரனார் யுனிவர்சிட்டி 1990லதான் வந்துச்சு" என்று என்னிடம் சீனியர் கெத்து காட்டுவார்.

படிப்பு முடிந்ததும் ஒன்பது பேரும் ஒன்பது ஊர். அப்போது செல்போன் ஏது? இன்லேண்ட் லெட்டர்தான். மடிக்கிற ஓரம் வரை நுணுக்கி நுணுக்கி எழுதுவார்களாம். அவசரம் என்றால் தந்தி. தந்திக்காரர் தெருவில் நுழைந்தாலே வீட்டுக்கு வீடு வயிறு கலங்குமாம். அந்தத் தந்தியையும் 2013 ஜூலையில் நிறுத்திவிட்டார்கள்.

இது போக, வருஷத்துக்கு ஒரு தடவை ஆடித்தபசு. வர முடிந்தவர்கள் எல்லாம் எங்கள் வீட்டில் கூடுவார்கள். சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் இரண்டு நாகராஜாக்களும் சண்டை போட்ட கதை எங்க ஊர்க் கோயிலில் எல்லோருக்கும் தெரியும். கோமதி அம்மன் தவமிருந்து, இரண்டு பேரும் ஒன்றே என்று சங்கரநாராயணராகக் காட்சி கிடைத்ததைத்தான் ஆடித்தபசாகக் கொண்டாடுகிறோம். ஆனால் எங்கள் வீட்டுத் திண்ணையில் சண்டை முடிந்ததே இல்லை. 1970ல் மெஸ்ஸில் சாம்பார் வாளியைக் கவிழ்த்தது யார் என்பதற்கு இன்று வரை தீர்ப்பு கிடையாது!

இதில் நான் எங்கே வருகிறேன்? சொல்கிறேன். சொல்லத்தான் கஷ்டமாக இருக்கிறது.

நான் காலேஜ் சேர்ந்ததும் தாத்தாவுக்கு ஒரு ஸ்மார்ட் போன் வாங்க வைத்தேன். நண்பர்களைச் சேர்த்து வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தேன். போன் இயக்கத் தெரியாதவர்களுக்காக அவர்களது மகன், மகள், மருமகள் எல்லாரும் உள்ளே வந்தார்கள். காலையில் ரோஜாப்பூ, மத்தியானம் மருத்துவக் குறிப்பு, ராத்திரி அரசியல் என்று ஒரு நாளைக்கு நூறு மெசேஜ்.

"எனக்குக் கண்ணு தெரியல. நீயே பாத்துச் சொல்லுட்டி" என்றார் தாத்தா.

நான் மியூட் பண்ணிவிட்டேன்.

"குரூப்ல எல்லாரும் நல்லா இருக்காங்க தாத்தா" என்று வாரா வாரம் சொன்னேன். பார்க்காமலே! அதை நம்பி அவர் ஞாயிற்றுக்கிழமை போனைக் குறைத்தார். பிறகு நிறுத்தியேவிட்டார். எனக்கு செமஸ்டர் வந்தது. அது முடிந்து ஒரு நாள் சும்மா குரூப்பைத் திறந்தேன். ரோஜாப்பூக்களுக்கு நடுவே மாலை போட்ட ஒரு போட்டோ. கோவில்பட்டி தாத்தா. இறந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது. பதினாறாம் நாள் விசேஷம்கூட முடிந்துவிட்டது.

தாத்தா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "வீட்ல தறி நின்னு கெடந்த வருஷம் எனக்கு மெஸ் பில் கட்டுனவம்ட்டி அவன்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் கழுகுமலை வழியாக பஸ் பிடித்து இரண்டு பேரும் கோவில்பட்டி போனோம். அந்தப் பாட்டி அழவில்லை. "கை விளங்காமப் போனதுல இருந்து அவுகளுக்கு போன் அமுக்க வராது. நீங்கதான கூப்பிடுவீக... கடைசி ரெண்டு மாசமும் ஞாயித்துக்கெழமையானா போன மடியில வச்சுக்கிட்டே உக்காந்திருப்பாக" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

அன்று ராத்திரி தாத்தா பழைய டைரியை எடுத்தார். ஜவுளிக்கடையில் இலவசமாகக் கொடுத்தது. ஒன்பது பேர் நம்பரும் பெரிய பெரிய எழுத்தில் இருக்கும். இறந்தவர் பெயர் மேல் ஒரு கோடு. இப்போது நான்கு கோடுகள். ஆனால் நம்பர் மேல் கோடு போட மாட்டார். பக்கத்தில் 'மைனி' என்று எழுதிக்கொள்வார். மறுபடி ஆரம்பித்த ஞாயிற்றுக்கிழமை போன், இப்போது கோவில்பட்டிக்கும் போகிறது. "மைனி, சாப்பிட்டாச்சா?"

அமெரிக்காவில் ஹார்வர்டில் 1938ல் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். 268 கல்லூரி மாணவர்களைத் தேர்ந்தெடுத்து அவர்களது முதுமை வரை பின்தொடர்ந்தார்கள். ஜான் கென்னடியும் அந்த லிஸ்ட்டில் ஒருவர். பிறகு பாஸ்டன் நகரத்து ஏழைப் பையன்களையும் இதோடு சேர்த்துக்கொண்டார்கள். 80 வயதில் யார் நன்றாக இருப்பார் என்பதை, 50 வயதில் இருந்த கொலஸ்ட்ராலைவிட அந்த வயதில் அவருக்கு இருந்த உறவுகள் நன்றாகச் சொல்லிவிட்டன என்கிறார்கள். தாத்தாவிடம் சொன்னேன். "இதுக்கு எதுக்குட்டி இத்தன வருசம் ஆராய்ச்சி?" என்றார்.

சரி, நம்ம கதைக்கு வருவோம். எங்கள் கிளாஸ் குரூப்பில் 61 பேர். மீம்ஸுக்குக் குறைச்சலே இல்லை. போன வருஷம் ஒரு நாள், என் பெஞ்ச்மேட் பெயருக்குப் பக்கத்தில் 'லெஃப்ட்' என்று வந்தது. அப்பாவுக்கு முடியவில்லை, படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறாள் என்று யாரோ சொன்னார்கள். 'பாவம்' என்றோம். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. நானும்தான். உங்கள் குரூப்பிலும் அப்படி ஒரு 'லெஃப்ட்' இருக்கும். யோசித்துப் பாருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை தாத்தா பேசி முடித்ததும் என் போனை எடுத்து மாடிக்குப் போனேன். என்ன பேசுவதென்று தெரியவில்லை. மன்னிப்பு கேட்பதா, நலம் விசாரிப்பதா? ரிங் போனது. எடுத்துவிட்டாள்.

"ஏட்டி... இருக்கியா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் ஏதோ மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும்.

"இப்பதான் ஞாபகம் வந்துச்சோ?" என்றாள். அப்புறம் மெஷினை நிறுத்திவிட்டு, "சொல்லு" என்றாள்.