எழுத்தின் மேல் ஒட்டுவான், முகத்தின் மேல் ஒட்டமாட்டான்

திருவாலங்காடு ஒன்றியத்து ஊராட்சி ஒன்றில், பள்ளிக்கூட மதிலில் நூல் அடித்துக்கொண்டிருந்தார்கள். காவிப் பொடியில் புரட்டிய நூலின் ஒரு முனையைப் பையன் பிடிக்க, மறுமுனையை ஓவியர் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டினார். வெள்ளையடித்த சுவரில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே வரப்போவது, குப்பையைத் தரம் பிரித்துக் கொடுக்கச் சொல்லும் வாசகம்.

“வாசகம் வாட்ஸ்அப்புல வந்துடும் சார். நம்மளுது கை மட்டும்தான்” என்றார் ஓவியர்.

எழுதுவதற்கு முன்பு சுரண்டல் வேலை இருக்கிறது. கண்ணீர் அஞ்சலி, மஞ்சள் நீராட்டு விழா, கட்சிப் பொதுக்கூட்டம் என்று சுவரொட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாக அப்பிக் கிடக்கும். தண்ணீர் அடித்து ஊறவைத்துப் பட்டித் தகட்டால் வழித்தால் காகிதம் வரும். மைதாப் பசை லேசில் வராது. பசை இருக்கிற இடத்தில் வெள்ளை நிற்காமல் உரியும். அரை நாள் கூலி இதிலேயே போய்விடுகிறது. கணக்கு என்னவோ எழுதுகிற சதுர அடிக்குத்தான்.

தட்டைத் தூரிகையால் நேர்க்கோடுகளை முதலில் இழுத்துவிட்டு, வளைவுகளுக்குப் பிறகு வந்தார். ‘ட’வும் ‘ப’வும் சொன்னபடி கேட்கும், ‘ண’வும் ‘ஞ’வும் இரண்டு எழுத்து இடத்தைத் தின்னும். அதனால் முன்கூட்டியே சாண் போட்டுச் சாக்பீசால் இடம் குறித்துக்கொள்கிறார். தூரிகையை நட்டுவைத்து ஒரு திருகு திருகினால் புள்ளி. “கடை விளம்பரம்னா வார்த்தையைச் சுருக்கிக்கலாம். சர்க்கார் வாசகத்துல ஒரு புள்ளி விட்டாலும் பில்லு நிக்கும்.”

ஃபிளெக்ஸ் வந்து பேனர் வேலையைத் தின்றபிறகு, இவரைப் போன்றவர்களுக்கு மிஞ்சியது சுவர்தான். அதிலும் நகர்ப்புறத்தில் தேர்தல் காலத்தில் சுவரெழுத்துக்குத் தடை. கிராமத்தில் வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும்.

பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959லேயே சட்டம் வந்துவிட்டது. ‘விளம்பரம் செய்யாதீர்’ என்று எழுதிய சுவரிலேயே சுவரொட்டி ஒட்டும் ஊரில் அதன் பலம் எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. சென்னை மாநகராட்சி 2009 வாக்கில் வேறு வழியில் இறங்கியது. மேயராக மா.சுப்பிரமணியன் இருந்தபோது, அண்ணா சாலையிலும் காமராஜர் சாலையிலும் சுவரொட்டிக்குத் தடை போட்டதோடு நிற்காமல், சுவர்களில் தமிழர் வாழ்வையும் கலைகளையும் வரையச் செய்தார்கள். ஃபிளெக்ஸால் தொழில் இழந்த சினிமா பேனர் ஓவியர்களுக்கு அதில் வேலை கிடைத்தது.

ஏன் படம்? ஓவியரிடமே கேட்டேன். “எழுத்து மேல ஒட்டிடுவான் சார். மூஞ்சி மேல ஒட்டறதுக்குக் கை வராது. சாமியா இருந்தாலும் சரி, சின்னப் புள்ளையா இருந்தாலும் சரி.”

அவர் சொன்னதற்குப் பெரிய அளவில் சாட்சி சென்னையின் கண்ணகி நகர். நகரத்துக் குடிசைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்களை 2000 முதல் குடியமர்த்திய இடம் அது. 2020 தொடக்கத்தில், ஸ்டார்ட் இந்தியா அமைப்பும் ஏஷியன் பெயிண்ட்ஸும் மாநகராட்சியோடு சேர்ந்து அங்கே அடுக்குமாடிச் சுவர்களில் ஓவியங்கள் தீட்டின. ஏ-கில் என்ற சென்னை ஓவியர் வரைந்த சிறுமிகள் மாடி உயரத்துக்குச் சிரிக்கிறார்கள். இதனால் கண்ணகி நகரின் வேலையின்மையும் தண்ணீர்ப் பிரச்சினையும் தீர்ந்துவிடவில்லை. ஆனால், குற்றச் செய்தியில் மட்டுமே பெயர் அடிபட்ட இடத்தைத் தேடி ஆட்கள் வந்தார்கள்.

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகராட்சி இன்னும் ஒரு படி மேலே போனது. கிராஃபிட்டியை ஒழிக்க 1984இல் தொடங்கிய திட்டத்தில், சுவரில் கிறுக்கிய இளைஞர்களையே அழைத்துச் சுவரோவியம் வரையச் சொன்னார்கள். அழிப்பதற்கென்று வந்த திட்டம், நகரமெங்கும் ஓவியங்களைப் பெருக்கியது.

நம் ஊராட்சிகளுக்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. தூரிகையோடு உள்ளூரிலேயே இருக்கிறார்கள். வரைவதற்கும் பஞ்சமில்லை. காளியோடு சிவன் போட்டியிட்டு ஆடியதாகச் சொல்லும் ரத்தின சபையும், காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்த கதையும் திருவாலங்காட்டுக்கே உரியவை. பொதுச் சுவரில் சாமிக் கதை வேண்டாம் என்றால், சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் இருக்கிறது. விடியற்காலை அரக்கோணம் மார்க்கத்து மின்ரயிலைப் பிடிக்க ஓடும் பெண்கள் இருக்கிறார்கள்.

குறை மதிப்பீட்டில்தான். ‘வாசகம் எழுத, இத்தனை சதுர அடி’ என்று வருகிற பணத்தில் முகம் வரைய முடியாது. முகத்துக்குக் கட்டம் போட வேண்டும், நிழல் வைக்க வேண்டும். ஒரு நாள் வேலை மூன்று நாளாகும். அந்த மூன்று நாள் கூலியையும் சுரண்டும் கூலியையும் மதிப்பீட்டில் சேர்த்தால், ஆண்டுதோறும் அதே சுவருக்கு வெள்ளையடிக்கிற செலவு குறையும். சுவரின் ஓரத்தில் வரைந்தவர் பெயரையும் கைபேசி எண்ணையும் போட்டுக்கொள்ள விட்டால், அதற்குத் தனிச் செலவே கிடையாது. அவருக்கு அடுத்த வேலை அதிலிருந்துதான் வரும்.