கூட்டம் வராத பௌர்ணமிகள்

அடி அண்ணாமலையில் எங்களைப் போன்ற குடும்பங்களுக்குப் பௌர்ணமிதான் சம்பள நாள். திருவண்ணாமலையில் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலம் நடப்பவர்கள் வருண லிங்கத்தைத் தாண்டி ஆதி அண்ணாமலையார் கோயிலுக்கு வரும்போது கால் ஓய்ந்திருக்கும். உட்காருவார்கள், டீ குடிப்பார்கள், அவித்த மல்லாட்டை (வேர்க்கடலை) வாங்கிக் கொறிப்பார்கள், பசுவுக்குக் கொடுக்க ஒரு கட்டு அகத்திக்கீரை கேட்பார்கள். மல்லாட்டையும் அகத்தியும் விற்றது நானும் என் மாமியாரும். அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டினார்.

2020 மார்ச் 9 அன்று மாசிப் பௌர்ணமி. அன்றைக்கு விற்ற காசு செலவாகி முடிவதற்குள் கொரோனாவால் எல்லாம் அடுத்தடுத்து வந்துவிட்டது. 22ஆம் தேதி ஞாயிறு மக்கள் ஊரடங்கு. 24ஆம் தேதி மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு. அன்று நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. பங்குனிப் பௌர்ணமிக்குக் கிரிவலம் கிடையாது என்றார்கள். மே 7, சித்திரா பௌர்ணமிக்கும் கிடையாது. கார்த்திகை தீபத்துக்கு அடுத்தபடியாக ஜனம் திரளும் ராத்திரி அது. அன்றைக்கு ரோட்டில் ஆளே இல்லை. காட்டிலிருந்து இறங்கிய புள்ளிமான்கள் தார்ச்சாலையைக் கடந்து போனதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தோம். அழகாகத்தான் இருந்தது. ஆனால் வயிற்றில் பயம் இருக்கும்போது அழகை எவ்வளவு நேரம் பார்ப்பது?

ஏப்ரல் தொடக்கத்தில் ரேஷன் கடையில் டோக்கன் கொடுத்து 1,000 ரூபாயும், அரிசி, துவரம்பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் விலையில்லாமல் தந்தார்கள். அந்த அரிசிதான் எங்களைக் காப்பாற்றியது, அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். ஆட்டோவுக்குக் கடன் தந்தவர்கள் மட்டும் போன் செய்வதை நிறுத்தவில்லை. தவணையை மூன்று மாதம் தள்ளிக் கட்டலாம் என்று ரிசர்வ் வங்கி மார்ச் 27ஆம் தேதியே அறிவித்திருந்தது. அந்த மூன்று மாதத்துக்கும் வட்டி ஏறிக்கொண்டே போகும் என்பது பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

அரிசி இருந்தது. அதன்மேல் ஊற்றிக்கொள்ள என்ன இருக்கிறது என்பதுதான் அன்றாடக் கவலை. ஒரு நாள் அத்தை புழக்கடைச் சுவரைக் காட்டி, "அத்தப் பேத்து எடும்மா" என்றார். எறவாணத்துக்குக் கீழே காய்ந்த சாணி வில்லை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பெயர்த்து நசுக்கினால் உள்ளே சுரை விதை, பீர்க்கன் விதை. ஈரச் சாணியில் விதையைப் பதித்துச் சுவரில் தட்டிவிட்டால் அடுத்த பட்டம் வரை வண்டு துளைக்காது, எலியும் தொடாது. எத்தனையோ வருசமாக அவர் இப்படி வைத்துக்கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தும் மனதில் வாங்கியதில்லை. காய்கறியெல்லாம் டவுனிலிருந்து வந்துகொண்டிருந்தது, யாருக்கு அதெல்லாம் தேவைப்பட்டது?

வேலி ஓரம் அகத்தி வரிசை, மூலையில் ஒரு முருங்கை. மற்றபடி புழக்கடை குப்பைமேடாகத்தான் கிடந்தது. வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர்தான் கொத்தினார். கீரை விதை பொடி என்பதால் மணலில் கலந்து தூவினோம். தூவிய கையோடு பாத்தியைச் சுற்றி அத்தை நொய்யைத் தூவினார். எறும்பு நொய்யை இழுத்துப் போகும், விதையை விட்டுவிடும். சிறுகீரை நான்காம் நாள் பச்சை காட்டியது, ஒரு மாதத்துக்குள் பிடுங்கினோம். தனியாவைத் தேய்த்துப் போட்ட கொத்தமல்லி சித்திரை வெயிலுக்கு நிற்கவில்லை.

தண்ணீருக்குப் பஞ்சாயத்துக் குழாய்தான், அதுவும் தினம் வராது. 2019 கோடையில் பட்ட பாடு எல்லாருக்கும் நினைவிருந்ததால் ஒரு சொம்புத் தண்ணீர்கூட வீணாகவில்லை. அரிசி கழுவிய தண்ணீர் பக்கத்து வீட்டு மாட்டுக்கு. அந்த வீட்டு அக்கா பதிலுக்கு மோரும் சாணியும் தருவார். டீக்கடைகள் மூடியதால் பால் எடுப்பவர்கள் அளவைக் குறைத்திருந்தார்கள், அவர் வீட்டில் மோருக்குக் குறைவில்லை. பாத்திரம் துலக்கும் தண்ணீர் வாய்க்கால் வழியாகச் சேம்புக்கும் வாழைக்கும் போகும். அதற்காகவே சோப்பை விட்டு அடுப்புச் சாம்பலுக்கு மாறினோம். சிலிண்டரை மிச்சம் பிடிக்க அடுப்பில் துவரை மிளாறும் மல்லாட்டைத் தொட்டியும் எரிந்தன. அந்தச் சாம்பலில் பாதி அவரைக் கொடியில் அண்டிய அசுவினிமேல் தூவத் தீர்ந்தது.

முதல் சுரைக்காய் குரங்குக்குப் போனது. தக்காளியும் அப்படியே. எங்களைப் போலவே ரோட்டை நம்பிப் பிழைத்த குரங்குகள் அவை. பழமும் பொரியும் கொடுக்க ஆள் இல்லாததால் கூட்டமாக வீடுகளுக்குள் இறங்கிவிட்டன. குட்டியைச் சுமந்த ஒன்று ஓட்டின்மேல் உட்கார்ந்து பச்சைத் தக்காளியைக் கடித்துத் துப்பியபோது எனக்கு அழுகையே வந்தது. கல்லை எடுத்த பிள்ளையை அத்தை தடுத்தார். "அதுங்களுக்கும் வவுறு இருக்குதுல்ல கண்ணு" என்றார். பிறகு குரங்கு அவ்வளவாகச் சீண்டாததாகப் பார்த்து வைத்தோம்: மிளகாய், சேம்பு, பிரண்டை, தூதுவளை, இன்னும் கீரை. சுரைக்காய்களைப் பிஞ்சிலேயே பழைய புடவைத் துணியில் கட்டி இலைக்குள் மறைத்தோம். பசுக்களும் வேலியோரம் வந்து கத்தின. விற்பதற்கு வளர்த்த அகத்தியைக் காசு வாங்காமல் ஒடித்துப் போட்டோம். வீட்டிலும் சமைத்தோம். ஆனால் அடிக்கடி கூடாது, அத்தை சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவர், அகத்தி மருந்தை முறிக்கும் என்பார்கள்.

மே 4 முதல் 28 வரை அக்னி நட்சத்திரம். அந்த வெயிலை நாங்கள் வீணாக விடவில்லை. ரேஷன் அரிசியில் கூழ் காய்ச்சி வேட்டியில் ஊற்றிய வடாம், கொத்தவரங்காய் வத்தல், மோர் மிளகாய் எல்லாம் ஆயிற்று. எல்லாவற்றிலும் பெரிய துணை தாளிப்பு வடகம். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் உரலில் நசுக்கி, ஊறவைத்த உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள்தூள், கறிவேப்பிலை, உப்பு சேர்த்து, கையில் விளக்கெண்ணெய் தொட்டு உருண்டை பிடிக்க வேண்டும். பகலெல்லாம் காயவைத்து, சாயங்காலம் உதிர்த்து, காலையில் மறுபடி உருட்டி, கறுத்துக் கல்லாகும் வரை இப்படியே செய்ய வேண்டும். தெருவையே தூக்கும் வாசனை. அதில் விரல்நுனி அளவு கிள்ளிச் சொட்டு எண்ணெயில் பொரித்துவிட்டால் காயே இல்லாத புளிக்குழம்புக்கும் ருசி வந்துவிடும், வெங்காயமும் எண்ணெயும் மிஞ்சும். அன்றைய குழம்பில் ஒரு கரண்டி கோயிலோரம் தங்கியிருந்த சாதுக்களுக்கும் போனது. அவர்களுக்கு நிர்வாகமும் ஆசிரமங்களும் தன்னார்வலர்களும் சாப்பாடு தந்தார்கள். ஆனாலும் வழக்கமான அன்னதானம் நின்றுபோன அந்த நாட்களில் அவர்கள் பட்ட பசியை நான் பார்த்தேன்.

மே மாதம் கோயம்பேட்டு மார்க்கெட்டை மூடியதும் அங்கே மூட்டை தூக்கிய பிள்ளைகள் ஊர் திரும்பினார்கள், திருவண்ணாமலை மாவட்டத்தில் தொற்று ஏறியது. எங்கள் தெரு முனையையும் மூங்கில் கட்டி அடைத்தார்கள். வீட்டுக்கு வீடு கீரையும் மோரும் வேலிக்கு மேலாகவே கைமாறின.

அப்போது டிவியில் தினமும் பெண்களின் சிக்கனத்தைப் புகழ்ந்தார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. பின்தெரு வரிசை வீட்டில் கட்டட வேலைக்காரக் குடும்பம் ஒன்று வாடகைக்கு இருந்தது. பத்துக்குப் பத்து அறை, வாசலிலும் சிமெண்டு. நான் கீரை கொண்டுபோனபோது அந்தப் பெண் சொன்னாள்: "ஒரு மொழம் மண்ணு இருந்தா நானும் வெதச்சிருப்பேன் அக்கா." அவளுக்கு என்னைவிடச் சிக்கனம் தெரியும். கையில் இல்லாததை யார்தான் மிச்சம் பிடிக்க முடியும்? எங்கள் வீட்டில் பசி அண்டாததற்கு என் கெட்டிக்காரத்தனம் காரணமில்லை. அரசு அரிசி, அத்தையின் விதை, மூன்று சென்ட் மண், பக்கத்து வீட்டு மாடு, இத்தனையும் சேர்ந்துதான் காரணம். அதோடு, விடியலில் தண்ணீர் பிடிப்பதில் தொடங்கி ராத்திரி வடகம் மூடுவது வரை பெண்கள் பட்ட பாட்டை எந்தக் கணக்கிலும் யாரும் எழுதவில்லை.

நவம்பர் 25 ராத்திரி நிவர் புயல் மரக்காணம் பக்கம் கரையேறியது, இங்கே எங்கள் முருங்கை முறிந்தது. அடுத்த நான்காம் நாள் கார்த்திகை தீபம். மலைமேல் ஜோதி எரிந்தது, கிரிவலத்துக்குத் தடை. முறிந்த முருங்கையைப் போத்து போத்தாக வெட்டித் தெருவெல்லாம் நட்டோம்.

2021 மே மாத ஊரடங்கு வேறு மாதிரி. வண்டியில் காய் வந்தது, இரண்டு தவணையாக 4,000 ரூபாய் தந்தார்கள், எங்கள் தோட்டமும் காய்ப்பில் இருந்தது. ஆனால் சாவு வந்துவிட்டது. எதிர்வீட்டுப் பெரியவர் ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. முகத்தைக்கூடச் சரியாகக் காட்டவில்லை. கருமாதி முடிந்ததும் அவர் மனைவி ஒரு டப்பாவில் தம்பட்டை அவரை விதை கொண்டுவந்து, "எனக்கு இனி கொத்த முடியாதும்மா, நீ போடு" என்று தந்தார். போட்டேன், காய்த்தது. முதல் காயை அவருக்குத்தான் கொடுத்தேன்.

2022 மார்ச்சில் பங்குனிப் பௌர்ணமிக்குக் கிரிவலம் திரும்பியது. நாங்களும் பழையபடி மல்லாட்டையும் அகத்தியும் எடுத்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்தோம். ஆட்டோக் கடன் அதற்குப் பிறகுதான் அடைந்தது.

இப்போது பாதை ஓரமெல்லாம் தங்கும் அறைகள் எழும்புகின்றன. நான்கு பக்கமும் சுவர், தரை முழுக்கச் சிமெண்டு. கட்டுங்கள், வாடகை வரட்டும், வருமானம் இல்லாத கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனால் பாத்திரம் துலக்கும் தண்ணீர் விழுகிற இடத்திலாவது கொஞ்சம் மண் விடுங்கள். வாடகைக்கு விடும் வீட்டிலும் விடுங்கள். விதைக்குக் கடைக்குப் போக வேண்டாம். தை கடைசியில் முற்றிய சுரையை உடைப்போம், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.