அன்டோனியோவுக்கு ஒரு ஆன்டெனா!

கொடுங்கையூர் என்றதும் உங்களுக்குக் குப்பைமேடு ஞாபகம் வரும். பரவாயில்லை. காற்று திரும்பினால் எங்களுக்கும் வரும்.

அங்கே குடியிருக்கும் அடியேன் ஒரு பி.காம். ‘பத்திரிகைக்கு எழுதுகிறேன்’ என்றால், “அது சரி, வேலை என்ன பாக்கறே?” என்று கேட்கும் சொந்தக்காரர்கள், பி.காம். என்றதும் மட்டும் பில் கட்டை எடுத்து நீட்டிவிடுவார்கள். அப்படி என் தலையில் விழுந்த கட்டுகளில் பெரிசு, அக்கா வீட்டுக்காரருடையது. தண்டையார்பேட்டையைத் தாண்டிக் கிழக்கே போனால் காசிமேடு. அங்கே மாமாவுக்கு ஒரு விசைப்படகு. டீசல், ஐஸ், வலை, ஆட்களின் பங்கு... எல்லாவற்றுக்கும் கணக்கு நான்தான். சம்பளம், மாசத்துக்கு ரெண்டு கிலோ சங்கரா.

நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. படகுகளுக்குப் பெயின்ட், ரிப்பேர் எல்லாம் அப்போதுதான். போன வருஷத் தடைக்காலத்தில் மாமா ஒரு எஸ்டிமேட்டை நீட்டினார்.

“புது வயர்லெஸ் போடணும் மச்சான். பாத்து சொல்லு.”

25 வாட் வி.எச்.எஃப். செட் ஒன்று, எட்டடி ஆன்டெனா ஒன்று, அதை நிறுத்த உயரமான பைப், தடித்த கேபிள், நல்ல கனெக்டர்கள். நான் சிவப்புப் பேனாவைத் திறந்தேன். செட்டைத் தொடவில்லை. டப்பாவில் வருகிற, லைட் எரிகிற, நம்பர் ஓடுகிற பொருள் மேல் எனக்கு எப்பவுமே ஒரு மரியாதை. பைப்பை அடித்தேன். (‘கேபின் கூரை இருக்கே மாமா!’) தடித்த கேபிளை அடித்து, மெல்லிசு கேபிள் என்று எழுதினேன். அதுவும் ரெண்டு மீட்டர் போதாமல், பழைய துண்டு ஒன்றை முறுக்கிச் சேர்த்துக் கறுப்பு டேப் சுற்றியாயிற்று.

மிச்சம் 4,350 ரூபாய். அன்றைக்கு நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

ஆடி மாசம் ஒரு ராத்திரி, எண்ணூருக்கு வெளியே, ப்ரொப்பல்லரில் கயிறு சுற்றி எஞ்சின் நின்றுவிட்டது. எண்ணூர்ப் பக்கம் கப்பல்கள் வந்து போகிற இடம். கரன்ட் இல்லாத படகு அந்த இருட்டில் ஒரு கறுப்புப் புள்ளி. ஏழு பேர் உள்ளே. நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகிறது. மாமா மைக்கைப் பிடித்துக் கூப்பிட்டார். கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி நம்ம காசிமேட்டுப் படகுகளே இருந்தன. அவர்கள் பேசிக்கொண்டது மாமாவுக்குக் கேட்டதுதான் கொடுமை. நண்டு என்ன விலை, யார் வலையில் என்ன விழுந்தது, எல்லாம் கணீரென்று கேட்டது. மாமா கத்தியது மட்டும் ஒருத்தர் காதிலும் விழவில்லை. ஆபீசில் இன்க்ரிமென்ட் கேட்டவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். என்ன, அங்கே ஆள் முழுகிப்போக மாட்டோம்.

விடிகாலை மூணு மணி சுமாருக்கு, பக்கத்தில் கடந்து போன ஒரு படகு கேட்டுவிட்டு வந்து, கயிறு கட்டி இழுத்து வந்தது. நான் துறைமுகத்துக்குப் போனபோது அக்கா ராத்திரி முழுக்க நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். திட்டவில்லை. ஒரே ஒரு கேள்விதான்.

“உன் கணக்கு நோட்டுல என் வீட்டுக்காரர எந்தப் பக்கம்டா எழுதியிருக்கே? வரவா, செலவா?”

மூணு வருஷம் பி.காம். படித்ததில் இதற்குப் பதில் இல்லை.

மறுநாள், துறைமுகத்தில் வயர்லெஸ் ரிப்பேர் பார்க்கும் பெரியவர் ஒருவர் என் கறுப்பு டேப்பைப் பிரித்தார். உள்ளே செம்புக் கம்பி முழுக்கப் பச்சைக் களிம்பு. உப்புத் தண்ணீர் உள்ளே போய்க் குடித்தனம் நடத்தியிருக்கிறது.

“ஆனா அவங்க பேசினது இவருக்குக் கேட்டுச்சே, ஐயா?”

“கேக்கறதுக்கு அரை ஆம்பியர் கரன்ட் போதும் தம்பி. பேசறதுக்கு அஞ்சு ஆம்பியருக்கு மேல இழுக்கும். எஞ்சின் நின்னா பேட்டரி எவ்ளோ நேரம் தாங்கும்? அதோட, ஒயர் கெட்டுப் போனா செட்டே தன்னைக் காப்பாத்திக்க பவரைக் குறைச்சிக்கும். லைட்டு மட்டும் எரியும்.”

லைட் எரிவதைப் பார்த்து மரியாதை கொடுத்தவன் நான். தலையைக் குனிந்துகொண்டு, ஒரு நோட்டுடன் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்று கற்றதை, படகு இல்லாத உங்களுக்கும் சொல்கிறேன். எப்போது எந்த மாமா எஸ்டிமேட்டை நீட்டுவார் என்று யாருக்குத் தெரியும்?

வி.எச்.எஃப். அலை நேர்கோட்டில் போகும். பூமியோ உருண்டை. எனவே அடிவானத்தைத் தாண்டினால் பேச்சு ஏறக்குறைய அவ்வளவுதான். தூரத்துக்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. தண்ணீர் மட்டத்திலிருந்து உங்கள் ஆன்டெனா எத்தனை மீட்டர் உயரமோ, அதன் வர்க்கமூலம். எதிராளி ஆன்டெனாவுக்கும் அதே மாதிரி. ரெண்டையும் கூட்டி 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். ரெண்டு படகிலும் 4 மீட்டர் என்றால் 16 கிலோமீட்டர் சொச்சம். ரெண்டிலும் 9 மீட்டர் என்றால் 24-க்கு மேல். கரையில் 36 மீட்டர் உயரக் கோபுரத்தில் கேட்கிறவர் இருந்தால் 37. இந்தக் கணக்கில் வாட் என்ற சொல் எங்காவது வருகிறதா? வராது. நான் அடித்த பைப்தான் வருகிறது.

அடுத்தது கேபிள். பத்து மீட்டர் மெல்லிசு கேபிளில் 25 வாட் ஏறினால், மேலே போய்ச் சேருவது சுமார் 16. ஆர்.ஜி.-213 என்கிற தடித்த கேபிளில் சுமார் 20. மீதி கேபிளைச் சூடாக்கிவிட்டுப் போகும். எங்கள் பாஷையில் தேய்மானம். இதெல்லாம் புதுக் கேபிளுக்கு. களிம்பு பிடித்ததற்குக் கணக்கே கிடையாது.

மூணாவது ஆன்டெனா. கடையில் 3 டி.பி., 6 டி.பி., 9 டி.பி. என்பார்கள். பெரிய நம்பர்தான் ஒசத்தி என்று கை நீட்டாதீர்கள். ஆன்டெனா சொந்தமாகப் பவர் தயாரிப்பதில்லை. இருக்கிற மாவைத் தட்டித்தான் கொடுக்கிறது. 3 டி.பி. இட்லி, மேலும் கீழும் உப்பலாகப் பரவும். 6 டி.பி. ஊத்தப்பம். 9 டி.பி. மெல்லிசான பேப்பர் ரோஸ்ட். ரொம்ப தூரம் போகும், ஆனால் படகு சாய்ந்தால் ஒரு பக்கம் ஆகாயத்துக்கும் மறுபக்கம் தண்ணீருக்கும் போய்விடும். அதிகம் உருளும் சின்னப் படகுக்கு இட்லி, மாமாவுடையது மாதிரி பெரிய படகுக்கு ஊத்தப்பம். எட்டடி ஆன்டெனா பொதுவாக அந்த 6 டி.பி. ரகம்தான்.

செட் விஷயத்துக்கு வருவோம். படகில் பொருத்துவது 25 வாட், பக்கத்தில் பேச 1 வாட்டுக்குக் குறைத்துக்கொள்ளலாம். கையடக்க செட் 5, 6 வாட். அதுவே போதும் என்று நினைக்காமல், மெயின் பேட்டரி செத்தால் உதவ ஒன்று தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். செட்டில் சிவப்புப் பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். மூடியைத் திறந்து சில விநாடி அழுத்தினால் சேனல் 70-ல் உங்கள் படகின் ஒன்பது இலக்க நம்பரோடு அபாயச் செய்தி போகும். இந்தியப் படகுக்கு அது 419 என்று ஆரம்பிக்கும். ஜி.பி.எஸ். செட்டுக்குள்ளேயே இருந்தால், அல்லது இணைத்திருந்தால், இருக்கும் இடமும் சேர்ந்து போகும். இல்லையென்றால் ‘காப்பாத்துங்க, எங்கேன்னு தெரியாது’ கதைதான். இதற்கெல்லாம் தொலைத்தொடர்புத் துறையின் லைசென்ஸும் வேண்டும்.

வாயால் கூப்பிட சேனல் 16. ‘மேடே’ என்று மூணு தரம். 1920-களில் லண்டன் க்ராய்டன் விமான நிலையத்தில் பிறந்த வார்த்தை. ‘எனக்கு உதவுங்கள்’ என்பதற்கான பிரெஞ்சு உச்சரிப்பிலிருந்து வந்தது. பிறகு படகின் பெயர், இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர்.

“செல்போன் இருக்கே?” என்று நானும் கேட்டேன். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனால் டவர் கிடைக்காது. கிடைத்தாலும் செல்போன் ஒருத்தர் காதில் சொல்லும் ரகசியம். சேனல் 16 டீக்கடை பெஞ்ச். ஒருத்தர் கத்தினால் சுற்றியிருக்கும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால்தான் அதில் நண்டு விலை பேசக் கூடாது. (டவர் கிடைத்தால், கடலோரக் காவல் படையின் அவசர நம்பர் 1554. எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.)

இத்தனை செய்தும் வி.எச்.எஃப்.புக்கு ஓர் எல்லை உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது, கன்னியாகுமரிப் பக்கத்து மீனவர்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். கரையிலிருந்து எச்சரிக்கை அவர்களைப் போய்ச் சேரவில்லை. எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. அவ்வளவு தூரத்துக்குச் செயற்கைக்கோள் வழியாகப் பேசும் கருவிதான் வேண்டும். இஸ்ரோவே மீனவர்களுக்காக அபாய அறிவிப்புக் கருவி செய்திருக்கிறது. ‘எவ்வளவு வாட்?’ என்பதற்கு முன்னால் ‘எவ்வளவு தூரம் போகிறீர்கள்?’ என்று கேட்க வேண்டும். நான் ‘எவ்வளவு ரூபாய்?’ என்று கேட்டேன்.

இந்த வருஷத் தடைக்காலத்தில் கேபிளுக்காக ரிச்சி தெருவுக்குப் போனேன். ஆன்டெனா கம்பெனிகளைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு பெயர் கேட்டுச் சிரித்துவிட்டேன். ஷேக்ஸ்பியர்! அமெரிக்காவில் நிஜமாகவே படகு ஆன்டெனா செய்கிற கம்பெனி. ‘வெனிஸ் நகர வணிகன்’ நாடகத்தில் அன்டோனியோவின் கப்பல்கள் கடலில் என்ன ஆயின என்று தெரியாமல்தானே, ஷைலாக் ஒரு பவுண்டு சதைக்குக் கத்தி தீட்டுகிறான்? ஒரு நல்ல ஆன்டெனா இருந்திருந்தால் நாடகம் ரெண்டாவது அங்கத்திலேயே முடிந்திருக்கும். அப்புறம்தான் உறைத்தது, எங்கள் வீட்டு நாடகத்தில் கத்தியை, அதாவது சிவப்புப் பேனாவை, வைத்திருந்தது யார் என்று.

இந்தத் தடவை விலை குறைந்த செட், உயரமான பைப், வழியில் ஒரு ஒட்டுக்கூட இல்லாத தடித்த கேபிள், கனெக்டருக்கு மேல் தண்ணீர் புகாத டேப். பெரியவர் மீட்டர் வைத்துப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் பணம் கொடுத்தேன்.

தடை முடிந்து மாமா கடலுக்குப் போன ராத்திரி, துறைமுகத்தில் நின்ற ஒரு தெரிந்த படகில் அக்காவும் நானும் செட்டைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தோம். கர்ர் என்று ஓர் இரைச்சல். அப்புறம், பக்கத்து வீட்டிலிருந்து பேசுகிற மாதிரி:

“மச்சான்... கேக்குதா? ஓவர்.”

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மைக்கை அக்காவிடம் கொடுத்தேன்.

“கேக்குது, கேக்குது. வரும்போது வஞ்சிரம் இருந்தா எடுத்துனு வா. ஓவர்.”

(சேனல் 16 இல்லை; வேறு சேனலுக்கு மாற்றிக்கொண்டுதான் பேசினாள். அக்காவுக்கும் இப்போது எல்லாம் தெரியும்.)

கொடுங்கையூர் திரும்பியதும் கணக்கு நோட்டைத் திறந்தேன். பைப், கேபிள், கனெக்டர் எல்லாம் செலவு. அதற்கு எதிர்ப்பக்கத்தில், தொகை போடாமல், ஏழு பேரின் பெயரை எழுதினேன். ஆடிட்டர் ஒத்துக்கொள்ள மாட்டார். அக்கா ஒத்துக்கொண்டாள்.